கட்டிய பாஷாணம், சிந்திய பாதரசம்

பழனி மலைக்கோயிலில் ஒரு நாளைக்கு ஆறு கால பூஜை. விடியற்காலை விளா பூஜையில் தொடங்கி இராக்கால பூஜையில் முடியும். பாலும் பஞ்சாமிர்தமும் சந்தனமும் விபூதியும் தண்டாயுதபாணியின் மேனியில் பட்டு வழிந்து பக்தர்களின் கைக்கு வருகின்றன. இரவில் சாத்திய சந்தனத்தை மறுநாள் காலையில் பிரசாதமாகக் கொடுப்பார்கள். இராக்காலச் சந்தனம் என்று பெயர். அதைப் பக்திக்காக வாங்குபவர்களைப் போலவே மருந்துக்காக வாங்குபவர்களும் உண்டு. காரணம், இந்தச் சிலையைக் கல்லில் செதுக்கவில்லை, உலோகத்தில் வார்க்கவில்லை, போகர் என்ற சித்தர் ஒன்பது பாஷாணங்களைச் சேர்த்துக் கட்டினார் என்பது பழனியின் தொன்மரபு. ஒன்பதும் விஷம். விஷத்தால் ஆன மேனியில் பட்டது எப்படி மருந்தாகும் என்ற கேள்வியைப் பக்தர் கேட்பதில்லை. வேதியியல் படித்தவர் கேட்காமல் இருக்க முடியாது.

மலை உச்சியில் ஒரு புனிதப் பொருளை வைத்து ஊரே ஏறிப்போய் வணங்குவது ஆசியா முழுக்க இருக்கும் வழக்கம். தாய்லாந்தின் சியாங் மாய் நகருக்கு மேலே, கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கும் அதிகமான உயரத்தில், தோய் சுதெப் என்ற பௌத்தக் கோயில் இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது. புத்தரின் தோள் எலும்பு என்று நம்பப்படும் துண்டை வெள்ளை யானையின் முதுகில் ஏற்றி அனுப்பினார்களாம். யானை மலையேறி, மும்முறை பிளிறி, அங்கேயே உயிரை விட்டதாம். அந்த இடத்தில் தூபி கட்டினார்கள். இன்று 300 படிக்கட்டுக்கு மேல் ஏற வேண்டும். ஏற முடியாதவர்களுக்கு இழுவை வண்டி உண்டு. பழனியில் 700 படிக்கட்டு வரும், விஞ்சும் ரோப் காரும் உண்டு. யானைப் பாதையும் உண்டு, ஆனால் அது படிக்கட்டு ஏறத் தயங்குபவர்கள் நடக்கும் சரிவுப் பாதை.

இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் பொருளில் இருக்கிறது. எலும்புச் சின்னம் வேதியியல் ரீதியாக ஒரு சோம்பேறிப் பொருள். எலும்பின் பெரும்பகுதி கால்சியம் பாஸ்பேட். சிதையில் 600, 700 டிகிரி வெப்பத்தைக் கண்டால் உள்ளே இருக்கும் கொலாஜன் எரிந்துபோகும், மீதமுள்ள தாது பெரிய படிகங்களாக மாறி இன்னும் உறுதிப்படும். அதைக் கல் பேழைக்குள் வைத்துத் தூபிக்கு அடியில் புதைத்துவிட்டால் இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்தும் எடுக்கலாம். 1898இல் உத்தரப் பிரதேசத்தின் பிப்ரவாவில் ஒரு தூபியைத் தோண்டியபோது அப்படித்தான் எலும்புத் துண்டுகள் கிடைத்தன. பிரிட்டிஷ் அரசு அவற்றை சயாம் மன்னர் சூலாலங்கோர்னுக்குக் கொடுத்தது. ஒரு பங்கு இன்று பாங்காக்கின் பொன்மலைக் கோயிலில் இருக்கிறது. அந்தச் சின்னத்தை யாரும் தொடுவதில்லை. தூரத்தில் நின்று கும்பிட்டால் போதும்.

பழனியில் கதை வேறு. இங்கே தொட்டுத் தேய்த்துக் கழுவி, கழுவியதை உட்கொள்வதே வழிபாடு. பொருளின் குணம் பக்தரைச் சேர வேண்டும் என்றால் பொருளிலிருந்து ஏதோ கொஞ்சம் வெளியே வர வேண்டும். வெளியே வந்தால் சிலை குறையும். குறையாவிட்டால் மருந்து இல்லை. இந்த முரண்பாட்டில்தான் பழனியின் அறிவியல் சுவாரசியம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

சித்த மருத்துவம் பாஷாணங்களை 64 என்று எண்ணுகிறது. மண்ணில் இயற்கையாகக் கிடைக்கும் பிறவிப் பாஷாணம் 32, மனிதர் அடுப்பேற்றிச் செய்யும் வைப்புப் பாஷாணம் 32. இவற்றில் பழனிச் சிலைக்குச் சேர்ந்த ஒன்பது எவை என்பதில் பட்டியலுக்குப் பட்டியல் வேறுபாடு உண்டு. ஆனாலும் சில பெயர்கள் திரும்பத் திரும்ப வரும்: ரசம், லிங்கம், வீரம், பூரம், கந்தகம், தாளகம், மனோசிலை, வெள்ளைப் பாஷாணம். இந்தப் பெயர்களை வேதியியல் மேசையில் பரப்பினால் கூட்டம் சட்டென்று சிறுத்துவிடும். ரசம், லிங்கம், வீரம், பூரம் நான்கும் பாதரசக் குடும்பம். தாளகம், மனோசிலை, வெள்ளைப் பாஷாணம் மூன்றும் ஆர்சனிக் குடும்பம். கந்தகம் இரண்டு வீட்டுக்கும் சம்பந்தி.

ஒரே குடும்பம் என்றால் ஒரே குணமா? அங்கேதான் ஆச்சரியம். வீரத்தையும் பூரத்தையும் எடுத்துக்கொள்வோம். இரண்டுமே பாதரசமும் குளோரினும் சேர்ந்தவை, இரண்டுமே வெள்ளை. வீரத்தில் ஒரு பாதரச அணுவுக்கு இரண்டு குளோரின், பூரத்தில் ஒன்று. இவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் வீரம் ஒரு லிட்டர் நீரில் சுமார் 70 கிராம் கரையும், ஒன்றிரண்டு கிராம் உள்ளே போனால் குடலையும் சிறுநீரகத்தையும் அரித்து ஆளைக் கொன்றுவிடும். பூரம் ஒரு லிட்டருக்குச் சில மில்லிகிராம்தான் கரையும். ஐரோப்பாவில் அதைப் பேதி மருந்தாகக் கொடுத்தார்கள். இங்கிலாந்தில் 1950கள் வரை குழந்தைகளுக்குப் பல் முளைக்கும் காலத்தில் கொடுத்த பொடியில்கூடப் பூரம் இருந்தது. கைகால் சிவந்து உரியும் ஒரு விசித்திர நோய்க்கு அதுவே காரணம் என்று புரிந்த பிறகுதான் நிறுத்தினார்கள். ஆகவே பூரமும் சாது இல்லை, வீரத்தைப் போல உடனடிக் கொலைகாரனும் இல்லை.

லிங்கம் இன்னும் விசித்திரம். செக்கச் செவேலென்ற இந்தத் தாது பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது. நீரில் கரைவதே இல்லை என்று சொல்லிவிடலாம். வயிற்று அமிலத்தாலும் அதை எளிதில் உடைக்க முடியாது. அதையே காற்றுப் பட வறுத்தால் கந்தகம் புகையாகப் போய், வெள்ளியாய் ஓடும் பாதரசம் வடிந்து இறங்கும். அந்தப் பாதரசத்தைக் கந்தகத்தோடு கல்வத்தில் இட்டு அரைத்தால் கறுப்புப் பொடியாகும். கறுப்புப் பொடியை மூடிய பாத்திரத்தில் சூடேற்றி ஆவியாக்கிப் படியவைத்தால் மறுபடியும் சிவப்பு. கறுப்பும் சிவப்பும் ஒரே சேர்மம்தான், அணுக்கள் அடுக்கியிருக்கும் ஒழுங்கு மட்டுமே வேறு. ஓடுகிற ஒன்றைக் கட்டிப்போட்டு, அவிழ்த்து, மறுபடி கட்டும் இந்த வித்தையைப் பார்த்தவர்களுக்கு உயிரையே உடம்பில் கட்டிவைக்கலாம் என்று தோன்றியதில் வியப்பில்லை. சீனத்திலும் அப்படித்தான் தோன்றியது. நான்காம் நூற்றாண்டில் கோ ஹோங் என்ற தாவோ அறிஞர் லிங்கத்தை வைத்துச் சாகாமருந்து செய்யும் முறைகளை எழுதினார். அந்த மருந்தைக் குடித்துச் செத்த சீனப் பேரரசர்கள் ஒருவர் இருவர் இல்லை.

போகர் சீனத்திலிருந்து வந்தவர், அல்லது சீனத்துக்குப் போய்த் திரும்பியவர் என்ற கதை தமிழ்நாட்டில் நிலைத்ததற்கு இந்த ஒற்றுமையும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். போகர் ஏழாயிரம் என்று இன்று அச்சில் கிடைக்கும் நூலின் தமிழ் பிற்காலத்தது. அதை வைத்து அவர் காலத்தைக் கணிப்பது வீண்வேலை. ஆனால் பழனிக் கோயிலின் தென்மேற்குப் பிராகாரத்தில் அவர் சமாதி இருக்கிறது, அவருடைய சீடர் புலிப்பாணியின் வழிவந்தவர்கள் இன்றும் அதைப் பூசிக்கிறார்கள். பழக்கமாகத் தொடர்கிற ஒரு மரபு ஆவணத்துக்குக் குறைந்ததில்லை.

சரி, பாஷாணங்களைச் சேர்த்துச் சிலை அளவுக்குக் கட்டியாக ஏதாவது செய்ய முடியுமா? முடியும். இன்றைய ஒளியியல் தொழிற்சாலைகளில் தினமும் செய்கிறார்கள். தாளகம் என்ற மஞ்சள் தாது ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்தது, 300 டிகிரிக்குச் சற்று மேலே உருகும். உருகியதை ஆறவிட்டால் பழையபடி படிகமாகாமல் கண்ணாடியாகிவிடும். மணலைக் கொண்டு செய்யும் கண்ணாடி மறித்துவிடும் அகச்சிவப்புக் கதிர்களை இந்தக் கண்ணாடி தாராளமாக விடும் என்பதால், இருட்டில் வெப்பத்தைப் பார்க்கும் கேமராக்களுக்கு இதில் லென்சு கடைகிறார்கள். கடினமான, பளபளப்பான, நீரில் கரையாத ஆர்சனிக் கண்ணாடி. லிங்கம் போன்ற பொடிகளை அந்த உருகலில் கலந்து அச்சில் ஊற்றினால் ஆறியபின் ஒரே கட்டியாக நிற்கும். பழனிச் சிலை இப்படித்தான் செய்யப்பட்டது என்று நான் சொல்லவில்லை. ஒன்பது விஷம் சேர்ந்து ஒரு திடப்பொருளாவது கட்டுக்கதையாக இருந்தே தீர வேண்டியதில்லை என்றுதான் சொல்கிறேன்.

இதில் உயிருக்கு ஆபத்தான இடம் அடுப்பு. தாளகத்தைத் திறந்த பாத்திரத்தில் காய்ச்சினால் காற்றோடு சேர்ந்து வெள்ளைப் பாஷாணப் புகையாகப் பறக்கும். பூண்டு வாடை அடித்தால் ஆர்சனிக் வெளியேறுகிறது என்று பொருள். சித்தர் நூல்கள் மூசையை மூடி, மண் பூசிய துணியைச் சுற்றி ஏழு சீலை செய் என்று படித்துப் படித்துச் சொல்வது இதற்காகத்தான். காற்று புகக்கூடாது, புகை வெளியேறக்கூடாது. வரட்டியை எண்ணி அடுக்கிப் புடம் போடுவதும், மணல் சட்டிக்குள் பாத்திரத்தைப் புதைத்துச் சூடேற்றும் வாலுகா யந்திரமும் வெப்பமானி இல்லாத காலத்து வெப்பக் கட்டுப்பாடு. எத்தனை வரட்டி என்று சொன்னாலே எத்தனை டிகிரி என்பது ஏறக்குறைய முடிவாகிவிடும்.

பழனி வட்டாரத்துக்கு அடுப்புக் கலை புதிதும் இல்லை. பழனிக்குத் தென்மேற்கே, மலையடிவாரத்தில் பொருந்தல் என்று ஓர் ஊர். 2009, 2010 ஆண்டுகளில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் அங்கே அகழ்ந்தார். ஒரு கல்லறையில் நான்கு கால் ஜாடி நிறைய நெல் கிடைத்தது. அதே கல்லறையில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த புரிமணையும் இருந்தது. அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பிய நெல்லுக்குக் கிடைத்த கார்பன் காலக்கணிப்பு கி.மு. 490. செய்தித்தாள்கள் எழுத்தைப் பற்றி எழுதின, அது சரியே. எனக்கு அதே ஊர் வாழ்விட மேட்டில் கிடைத்த கண்ணாடி மணிகளும், மணி செய்த உலையின் தடயமும் அதே அளவுக்கு முக்கியம். கண்ணாடிக்கு நிறமேற்றுவது என்பது எந்த உலோகத்தை எவ்வளவு சேர்த்து, உலையில் காற்றை எப்போது குறைப்பது என்று தெரிந்த வேலை. செம்பு அதே செம்புதான், காற்று தாராளமாக இருந்தால் நீலப் பச்சை, காற்றைக் குறைத்தால் சிவப்பு. பழனி மலையின் பழம்பெயர் பொதினி. மயிலுக்குப் போர்வை தந்த பேகனின் ஊர். அந்த மலையடிவாரத்தில் பொருளின் வடிவை நெருப்பால் மாற்றத் தெரிந்தவர்கள் போகருக்கு வெகுகாலம் முன்பே இருந்திருக்கிறார்கள்.

சரக்கு எங்கிருந்து வந்தது? இந்தியாவில் சொல்லும்படியான பாதரசச் சுரங்கம் கிடையாது. ஸ்பெயினிலிருந்தும் சீனத்திலிருந்தும் கப்பலேறி வந்திருக்க வேண்டும். ஆர்சனிக் தாதுக்களுக்கு எழுத்துச் சான்றே இருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் பெயர் தெரியாத ஒரு கிரேக்க வணிகர் எழுதிவைத்த செங்கடல் வழிநூலான பெரிப்ளஸ், முசிறியில் வந்து இறங்கும் சரக்குகளைப் பட்டியலிடுகிறது. செம்பு, தகரம், ஈயத்தோடு மனோசிலையும் தாளகமும் அதில் வருகின்றன. முசிறியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே கொங்கு நாட்டுக்குள் வரும் வணிகப் பாதை பழனி வட்டாரத்துக்கு எட்டாத தூரமில்லை. ரோமானியர் கப்பலில் அவை எதற்கு வந்தன, சாயத்துக்கா மருந்துக்கா என்று கேட்டால் இரண்டுக்கும் என்றே சொல்வேன்.

இனி அபிஷேகத்துக்கு வருவோம். வெள்ளைப் பாஷாணம் ஒரு லிட்டர் நீரில் சுமார் 20 கிராம் கரையும். வீரம் அதைவிட அதிகம். ஒரு கட்டியின் மேற்பரப்பில் இவை தனியாக ஒட்டிக்கொண்டிருந்தால் ஆரம்பகால அபிஷேகங்களிலேயே கரைந்து போயிருக்கும். பல நூறு ஆண்டு குளித்த பிறகும் நிற்கிற பொருள் எதுவாக இருந்தாலும் அது நீருக்கு மசியாத பொருளாகத்தான் இருக்க வேண்டும். இது நம்பிக்கைக்காரரும் மறுக்கமாட்டார், சந்தேகக்காரரும் மறுக்க முடியாது.

நீருக்கு மசியாதது எல்லாவற்றுக்கும் மசியாதது ஆகாது. ஆர்சனிக் சல்பைடுகள் அமிலத்தைத் தாங்கும், காரத்தைத் தாங்காது. பால் கிட்டத்தட்ட நடுநிலை, பஞ்சாமிர்தம் லேசான புளிப்பு. ஆனால் சாணச் சாம்பலான விபூதியை நீரில் கரைத்தால் காரம். ஆகவே இந்த வகைப் பொருளுக்குப் பாலையும் பஞ்சாமிர்தத்தையும்விட விபூதி நீர் மீதுதான் அதிக எச்சரிக்கை வேண்டும். வெளிச்சமும் எதிரி. மனோசிலை வெளிச்சம் படப்படச் சிவப்பிழந்து மஞ்சள் பொடியாக உதிரும். ஓவியக் காப்பகங்களில் அந்தக் கால வண்ணங்கள் உதிர்வதைக் கண்டு வேதனைப்படுபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பூரமும் வெளிச்சத்தில் மெல்லக் கறுத்துப் பாதரசமாகவும் வீரமாகவும் பிரியும். கருவறையின் இருட்டு இவற்றுக்கு இதம். எல்லாவற்றையும்விடப் பெரிய தேய்மானம் கையால் வரும். ஒவ்வொரு முறை துடைக்கும்போதும் போகிற அளவு கண்ணுக்குத் தெரியாது. ஆண்டுக்குப் பல ஆயிரம் முறை துடைத்தால் தெரியும்.

பஞ்சாமிர்தத்தைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. பழனி மலைச்சரிவில் விளையும் விருப்பாட்சி மலைவாழைக்கு நீர்ச்சத்து குறைவு. பஞ்சாமிர்தத்தில் தண்ணீர் ஒரு சொட்டும் சேர்ப்பதில்லை. சர்க்கரையும் தேனும் பழத்தில் இருக்கும் கொஞ்சநஞ்ச நீரையும் தம்மோடு பிடித்து வைத்துக்கொள்வதால் நுண்ணுயிர்களுக்குக் குடிக்க நீர் கிடைக்காது. பதப்படுத்தும் மருந்து ஏதும் இல்லாமல் அது கெடாமல் இருப்பதன் ரகசியம் அதுவே. தமிழ்நாட்டில் முதன்முதலாகப் புவிசார் குறியீடு பெற்ற கோயில் பிரசாதமும் இதுதான், 2019இல். கட்டுண்ட நீர் எதையும் எளிதில் கரைக்காது. இவ்வகைச் சிலைக்கு இதைவிடச் சாதுவான குளியல் பொருளை யோசித்துக் கண்டுபிடிக்கவும் முடியாது.

சிலை தேய்கிறது என்ற கவலை பழனியில் நெடுநாளாக இருக்கிறது. 2004இல் மூலவருக்கு முன்னால் ஓர் ஐம்பொன் சிலையைக் கொண்டுவந்து வைத்தார்கள். பக்தர்கள் ஒப்பவில்லை, சில மாதங்களில் அகற்றப்பட்டது. அந்தச் சிலையில் சேர்ந்த உலோகங்களைப் பற்றி எழுந்த புகார் 2018இல் சிலை கடத்தல் தடுப்புப் பிரிவின் வழக்கானது. அந்த வம்புக்குள் போக எனக்கு விருப்பமில்லை. ஐம்பொன் சிலையை ஏன் மக்கள் ஏற்கவில்லை என்பது மட்டும் கவனிக்க வேண்டியது. பழனியில் உருவத்துக்கு இணையாகப் பொருளுக்கும் மதிப்பு. வேறு எந்தக் கோயிலிலும் மூலவர் என்ன வேதிப்பொருளால் ஆனவர் என்று டீக்கடையில் விவாதம் நடக்காது.

பழனியிலிருந்து மேலே ஏறிக் கொடைக்கானலைத் தாண்டி, 20 கிலோமீட்டருக்குள் பூம்பாறை. படிப்படியாக இறங்கும் மலைவயல்களில் பூண்டு விளையும் சின்ன ஊர். அங்கே குழந்தை வேலப்பர் கோயில். அந்தச் சிலையையும் போகரே செய்தார், பத்து பாஷாணம் சேர்த்தார் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். மலையின் அடியில் ஒன்று, தலையில் ஒன்று என்று போகர் பாதரசத்தைக் கட்டிவைத்துப் போனதாகப் பழனி மலைத்தொடரே நம்புகிறது.

அதே மலையில் பாதரசம் இன்னொரு முறையும் வந்து சேர்ந்தது. இந்த முறை யாரும் அதைக் கட்டவில்லை.

1980களின் முதற்பாதியில் கொடைக்கானலில் ஒரு வெப்பமானித் தொழிற்சாலை எழுந்தது. அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்து வாட்டர்டவுனில் மூடப்பட்ட ஆலையின் இயந்திரங்களை இங்கே கொண்டுவந்து நிறுவியது பாண்ட்ஸ் நிறுவனம். பிறகு ஆலை இந்துஸ்தான் லீவர் வசம் வந்தது. பாதரசம் இறக்குமதி, கண்ணாடியும் இறக்குமதி, செய்து முடித்த வெப்பமானிகள் ஏற்றுமதி. ஊருக்கு மிச்சமானது வேலையும் உடைசலும். 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பகுதிப் பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய கண்ணாடி உடைசல் டன் கணக்கில் கிடப்பது அம்பலமானது. ஆலையை மூடினார்கள். 2003இல் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்கே கப்பலேறியது. ஆலையில் வேலை பார்த்ததால் உடல்நலம் கெட்டதாக எந்த ஆய்வும் காட்டவில்லை என்று நிறுவனம் வாதாடியது. தொழிலாளர்கள் விடவில்லை. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது.

பாதரசம் எப்படிப் பரவும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 டிகிரி வெப்பத்தில், திறந்து கிடக்கும் பாதரசத்தின் அருகே ஒரு கன மீட்டர் காற்று சுமார் 14 மில்லிகிராம் பாதரச ஆவியைத் தாங்கும். நெடுநாள் சுவாசிக்கும் காற்றில் ஒரு கன மீட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். இரண்டுக்கும் நடுவே 14,000 மடங்கு. வாடை இல்லை, நிறம் இல்லை. மூச்சில் போன ஆவியில் முக்கால்வாசிக்கு மேல் நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலந்து மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போய்ச் சேரும். அதே பாதரசத்தை விழுங்கினால் பெரும்பாலும் மலத்தோடு போய்விடும் என்பது இன்னொரு விந்தை. வாய் வழியே போனால் வழிப்போக்கன், மூக்கு வழியே போனால் குடியிருப்பவன்.

ஆலை வேலியை ஒட்டிப் பாம்பார் சோலை. அங்கே பெய்யும் மழை வைகைப் படுகைக்கு இறங்கும். ஐதராபாத்தில் உள்ள அணுசக்தித் துறை ஆய்வகத்தினர் கொடைக்கானல் மரங்களில் படரும் பாசியையும் லைக்கனையும் சோதித்து, அவற்றில் பாதரசம் ஏறியிருப்பதை 2003இல் வெளியிட்டார்கள். லைக்கனுக்கு வேர் கிடையாது, காற்றில் வருவதை உண்டே வாழும். ஆகவே அதற்குள் இருக்கும் பாதரசம் காற்றில் பறந்து வந்ததுதான். நீர்நிலையில் விழுந்த பாதரசத்துக்கு வேறொரு வழி உண்டு. சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் அதோடு ஒரு கார்பன் கொக்கியை மாட்டி மெத்தில் பாதரசமாக்கும். அது புழுவில் ஏறி, மீனில் ஏறி, பெரிய மீனில் பன்மடங்காகி மனிதரிடம் வரும். 1956இல் ஜப்பானின் மினமாட்டாவில் கைகால் இழுத்துக்கொண்டவர்களைக் கண்டுபிடித்தபோது உலகம் இந்தப் பாடத்தைப் படித்தது. பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013இல் ஏற்பட்ட சர்வதேச உடன்படிக்கைக்கு மினமாட்டா என்றே பெயர்.

பாதரசம் என்ற ஒரே தனிமம்தான். கந்தகத்தோடு கட்டுண்டால் கல், குளோரினோடு ஒரு விதமாகச் சேர்ந்தால் கொடும் நஞ்சு, தனியாக விட்டால் காற்று, சேற்றில் விழுந்தால் மீன். ஒரு பொருளில் எந்தத் தனிமம் இருக்கிறது என்று மட்டும் கேட்பவர் பாதிக் கேள்விதான் கேட்கிறார். அது எதோடு சேர்ந்து, எந்த வடிவத்தில், எந்த வழியாக உடம்புக்குள் வருகிறது என்பது மீதிக் கேள்வி. சித்தர்கள் கட்டு என்றும் சுத்தி என்றும் பேசியது இந்த மீதிக் கேள்வியைத்தான் என்பது என் கருத்து. அவர்கள் எல்லா இடத்திலும் சரியான விடையை எட்டினார்கள் என்று சொல்ல மாட்டேன். கேள்வியைச் சரியாகப் பிடித்தார்கள். சிந்திய பாதரசத்தின் மேல் கந்தகப் பொடியைத் தூவிக் கட்டு என்று பள்ளி ஆய்வகங்களில் சொல்லிக்கொடுத்ததும் அந்த வித்தைதான்.

விஷம் மருந்தாகாதா என்றால், ஆகும். உலகமே பார்க்கும்படி ஆகியிருக்கிறது. சீனத்தின் ஹார்பின் நகர மருத்துவர்கள் 1970களில் நாட்டு வைத்தியர் ஒருவரின் ஆர்சனிக் கலவையிலிருந்து தொடங்கி, வெள்ளைப் பாஷாணத்தைச் சுத்தமாகப் பிரித்து ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு ஊசியாகக் கொடுத்தார்கள். நோய் அடங்கியது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2000இல் அதை ஏற்றது. சில வாரங்களிலேயே உயிரைப் பறித்த அந்த நோய் இன்று பெரும்பாலானவர்களுக்குக் குணமாகிறது. ஆனால் அது எப்படி நடந்தது என்று பாருங்கள். எந்தச் சேர்மம், எத்தனை மில்லிகிராம், உடல் எடைக்கு எவ்வளவு என்று அளந்து, இதயத்துடிப்பைப் பதிவு செய்துகொண்டே கொடுக்கிறார்கள். பாஷாணத்தை மருந்தாக்கியது அந்த அளவு.

பழனியில் அளப்பதற்கு இன்று சிலையைச் சுரண்ட வேண்டியதில்லை. கையில் பிடிக்கும் எக்ஸ்-கதிர் கருவி ஒன்றைச் சில விநாடி எதிரே காட்டினால் எந்தெந்தத் தனிமம் இருக்கிறது என்று சொல்லிவிடும். லேசர் ஒளிச்சிதறலைப் படிக்கும் ராமன் நிறமாலைமானி சேர்மத்தின் பெயரையே சொல்லும், தாளகம் வேறு மனோசிலை வேறு என்று பிரித்துக் காட்டும். அந்த ஒளிச்சிதறலைக் கண்டுபிடித்த சர் சி.வி. ராமன் நம் திருச்சிக்காரர். மூலவரை விட்டுவிட்டாலும், அபிஷேக நீரையும் இராக்காலச் சந்தனத்தையும் முறையாகச் சோதித்து முடிவை எல்லோரும் பார்க்கும்படி அவ்வப்போது அறிவிக்கலாம். பக்தருக்கு அதில் இழப்பில்லை. சிலையின் ஆயுளைக் கூட்ட என்ன செய்யலாம் என்பதற்கும் அந்த எண்களே வழிகாட்டும்.

கடைசியாக அடிவாரத்துக் கடைகளைப் பற்றி. நவபாஷாண மணி, நவபாஷாண லிங்கம், நவபாஷாண டாலர் என்று கடைகளிலும் இணையத்திலும் விற்கிறார்கள். இரவு தண்ணீரில் போட்டுக் காலையில் குடியுங்கள் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். குடிநீரில் ஒரு லிட்டருக்கு ஆர்சனிக் 10 மைக்ரோகிராமுக்கு மேலும் பாதரசம் ஒரு மைக்ரோகிராமுக்கு மேலும் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். ஒரு மில்லிகிராம் ஆர்சனிக், அதாவது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு தூசி, 100 லிட்டர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுவந்துவிடும். அதே எடைப் பாதரசம் கரைந்தால் ஆயிரம் லிட்டருக்குப் போதும். மணியில் உண்மையிலேயே பாஷாணம் இருந்தால் அந்தத் தண்ணீர் ஆபத்து, இல்லாவிட்டால் கொடுத்த காசு வீண். மலையேறிக் கும்பிட்டுவிட்டு வாருங்கள், பஞ்சாமிர்தம் வாங்கி வாருங்கள். மணியைத் தண்ணீரில் போட்டுக் குடிக்காதீர்கள், பிள்ளைகளுக்கு நிச்சயமாகக் கொடுக்காதீர்கள்.